டிரம் படகும் வெள்ளிக்கிழமைப் பொட்டும்

எங்கள் ஊர் கண்மாயில் மோட்டார் படகு விட்டவன் நான் ஒருவன்தான். படகு என்றதும் கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையில் நிற்கிற படகுகளை நினைத்துவிடாதீர்கள். நாலு நீல டிரம், அதன் மேல் பந்தல்காரரிடம் வாங்கிய பழைய மேடைப் பலகை, அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் வயலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு பெட்ரோல் இன்ஜின். அவ்வளவுதான் படகு. கல்யாண வீட்டுச் சாமான் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வருகிறது என்று துறையில் துணி துவைக்கிறவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்காகவா செய்தேன்?

யாருக்காகச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்காக. முதல் ஆளாக அவள் ஏற வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு தரம், தானாகக் கால் எடுத்து வைத்து ஒரு படகில் ஏறி உட்கார வேண்டும். அது எனக்கு நடந்தாக வேண்டும்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் கிணற்று மோட்டார் சுவிட்சைப் போட்டாள். காயில் எரிந்துவிட்டது. அந்த மோட்டார் எங்கள் அப்பா காலத்து மோட்டார், என்றைக்கு எரியலாம் என்று காத்துக்கொண்டிருந்தது. அடுத்து அவள் தண்ணீர் காட்டிய சினை மாடு செத்துப்போனது. போதாதா? என் அக்கா வாயைத் திறந்தாள். "இவ கை பட்டா எதுவும் வெளங்காதுடா" என்றாள். அக்கா கெட்டவள் இல்லை. எனக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறியவள். வாய் மட்டும் அவள் பேச்சைக் கேட்காது. சொல்லிவிட்டு அவள் மறந்துபோனாள். இவள் மறக்கவில்லை.

ராசியில்லாத கை என்று தன் கைக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டாள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது கொழுந்தியாளைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள். ஸ்கூட்டர் வாங்கி வந்தால், யாராவது ஒருவர் கோயில் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்த பிறகுதான் பின்னால் உட்காருவாள். எங்கள் மகள் கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்கும்போதுகூட, பெற்றவள் இவள், எல்லோருக்கும் பின்னால் நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்துவேன். நான் கத்தினால் பஸ்ஸில் கடைசி சீட்டில் தூங்குகிறவன் எழுந்துகொள்வான். வேலைக்காலம் முழுவதும் அரசு பஸ் ஓட்டிய தொண்டை இது. அவள் அசையமாட்டாள். "எதுக்குங்க வம்பு? வேற யாராச்சும் செய்யட்டும்" என்பாள்.

ஒரு தரம் டெப்போ நண்பர்கள் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். ஏரியில் படகு. எல்லோரும் ஏறினார்கள். இவள் மட்டும் மாட்டேன் என்றாள். "நான் ஏறுனா கவுந்துரும், நீங்க போங்க. செருப்பெல்லாம் இங்கிட்டு விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்." இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஏறாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டேன். எங்களைச் சுற்றி வட்டமாக இருபது ஜோடிச் செருப்பு. நம் ஊர்த் தண்ணீரில், நம் கையால் செய்த ஒன்றில் இவளை ஏற்றாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஓய்வு பெற்றதும் ஆரம்பித்தேன். எனக்குத் துணை அவள் தம்பி. திருக்கோகர்ணத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். வேலையில் கெட்டிக்காரன், வாயில் அதைவிடக் கெட்டிக்காரன்.

"மச்சான், பஸ் ஓட்டி ரோட்டையெல்லாம் பள்ளமாக்குனது பத்தாதா? இப்பத் தண்ணியில வேறயா?"

"ஒன் வேலை கம்பிய ஒட்டுறது. வாய ஒட்டிட்டு அதப் பாரு மாப்ள."

ஆங்கிள் கம்பியை வெட்டி ஒட்டி ஒரு கட்டில் மாதிரிச் சட்டம் செய்தான். பக்கத்துக்கு இரண்டு டிரம்மாகப் படுக்கவைத்து, பட்டை போட்டு இறுக்கினோம். டிரம் மூடிகளைச் சுற்றி எம்சீல் வைத்து அடைத்தேன். இன்ஜினிலிருந்து ஒரு நீளக் கம்பி சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும், அதன் நுனியில் ஒரு சின்ன விசிறி. கோட்டைப்பட்டினத்தில் படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் பாய் எனக்குப் பழக்கம். நான் அந்த ரூட்டில் ஓட்டும்போது என் பஸ்ஸில்தான் சாமான் வாங்கப் போவார். அவர் பழைய இரும்புக் குவியலிலிருந்து அந்த விசிறியை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக் கொல்லையில் மாட்டுத் தொட்டியில் விசிறியை இறக்கிவிட்டு இன்ஜினைக் கிளப்பினோம். தொட்டித் தண்ணீர் முழுக்க எங்கள் மேல். பெட்ரோல் தீர்கிற வரைக்கும் நிற்காமல் ஓடியது. இவள் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

ஆயுத பூசை வந்தது. ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மிஷின், கடப்பாரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. இன்ஜினுக்கு வைக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தைத் தம்பியிடம் நீட்டினாள்.

"அவன் எதுக்கு? நீதான் வைக்கணும்" என்றேன்.

"புது சாமானுங்க. நான் வேணாம்."

"நீ வைக்கலேன்னா இத இப்பவே தூக்கிக் கெணத்துல போடுறேன்."

போடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் என் முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுக்கு நெத்தி எதுங்க?" என்று கேட்டாள். உச்சியில் இருந்தது பெட்ரோல் டேங்க் மூடி. அதைத் தட்டிக் காட்டினேன். கடையில் வாங்குகிற தூள் சந்தனம் அவளுக்கு ஆகாது. கட்டையில் உரைத்துக் கெட்டியாக எடுத்த சந்தனம். மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது கல்யாணத்தன்று பார்த்த முகம் தெரிந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் சொல்லாமலே வைத்தாள். ஈரத்துணியால் பழையதைத் துடைத்துவிட்டு, புதுசாக அழுத்தி வைப்பாள்.

மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்தது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். மிதந்தது! சும்மா சொல்லக் கூடாது, நானும் என் மச்சினன் மாப்பிள்ளையும் சின்னப் பையன்களைப் போலக் கூத்தாடினோம். அவள் கரைமேல் நின்றாள். "ஓடுதான்னு பாத்துட்டு வாங்க, அப்பறம் யோசிக்கிறேன்" என்றாள். யோசிக்கிறேன் என்று அவள் சொன்னதே எனக்குப் பெரிய விஷயம்.

கயிற்றை இழுத்தேன், கிளம்பியது. தாமரைக் கொடியை விலக்கிக்கொண்டு நடுக் கண்மாய்க்குப் போனோம். அங்கே இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன், பாதி டேங்க் இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தால் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. திறந்து பார்த்து, மூடி, இழுத்து, கிளப்பி, நின்று, கடைசியில் மேடைப் பலகை ஒன்றைக் கழற்றித் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தோம். துறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவள் கரையில் இல்லை, முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தாள்.

அப்புறம் நான் அந்த இன்ஜினைப் படுத்திய பாடு! பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் குழாயை மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிச் சில்வர் டம்ளரில் பெட்ரோல் ஊற்றி ஊறவைத்தேன். "காபி டம்ளருங்க அது!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வேறு பங்கில் பெட்ரோல் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் செய்துவிட்டுக் கிளப்பினால் சமர்த்தாக ஓடும். ஆகா என்று நடுத் தண்ணீருக்குப் போனால் இருமும். ஒவ்வொரு தரம் நான் துடுப்புப் போட்டுத் திரும்பும்போதும் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் சந்தனம் முன்னைவிடக் கெட்டியாக இருக்கும். தான் வைத்தது போதவில்லையோ என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

கடைசியில் பெட்ரோலை வடித்துவிட்டு இன்ஜினைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, பாயிடம் கொண்டுபோனேன். பாய் சாக்கை அவிழ்த்தார். மூடியில் இருந்த பொட்டைப் பார்த்தார். "சாமி பொட்டு வச்சிருக்கீங்க, இங்க வச்சா கிரீஸ் பட்டுரும்" என்று மூடியைப் பதமாகக் கழற்றி, ஒரு பேப்பர் விரித்து ஜன்னல் மேல் வைத்தார். டேங்கில் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பினார். நாங்கள் டீ குடித்தோம், ஓடியது. அவர் இன்னொருவர் இன்ஜினைப் பார்த்து முடித்தார், ஓடியது. இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று காத்திருந்தேன், நிற்கவே இல்லை.

"இதுல என்னங்க கோளாறு? தங்கமா ஓடுது. வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார்.

"நம்ம கண்மாய்க்கு வந்தா நின்னுபோகுது பாய்."

"அப்ப கண்மாய்லதான் கோளாறு" என்று சிரித்தார்.

சந்தோஷமாகக் கொண்டுவந்து பூட்டினேன். மறுநாள் நடுக் கண்மாயில் நின்றது.

பொங்கலுக்கு என் அக்கா வந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். படகுப் பேச்சு வந்தது.

"எப்ப இருந்துடா நின்னு நின்னு போகுது?" என்று அக்கா கேட்டாள்.

மாப்பிள்ளை வெள்ளந்தியாக, "ஆயுத பூசைக்கு முந்தியெல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு, அதுக்கப்பறந்தான்" என்றான்.

"அன்னைக்குப் பொட்டு வச்சது யாரு?"

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டான். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று அக்கா சோற்றைப் பிசைந்தாள். என் மனைவி ரசச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். அக்காவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என்ன போட்டு என்ன? சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவா முடியும்?

அந்த வெள்ளிக்கிழமை சந்தனம் உரைக்கவில்லை. கேட்டேன். "வேணாங்க. நான் இனிமே அதத் தொடல. ஏறவும் மாட்டேன். என்னக் கட்டாயப்படுத்தாதீங்க" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை.

வெயிலோடு கண்மாய்க்கு நடந்தேன். அன்றைக்கு அந்த இன்ஜினை உடைத்துப் போட்டுவிடுகிற ஆத்திரம். படகைக் கரையில் கட்டியிருந்தபடியே கிளப்பிவிட்டு, பலகையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தேன். காற்று அசையவில்லை. துறையில் ஆள் இல்லை. வழக்கம்போல் இருமிவிட்டு நின்றது. பழக்க தோஷத்தில் மூடியைத் திருகினேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

பஸ் டிரைவருக்குக் காற்றுச் சத்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரேக்கில் காற்று இறங்குகிற சத்தத்தை வைத்தே வண்டியின் உடம்பைச் சொல்வோம். டேங்க் காற்றை உள்ளே இழுக்கிறது. ஏன் இழுக்க வேண்டும்? மூடியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. பெட்ரோல் இறங்க இறங்க வெளிக்காற்று உள்ளே வருவதற்காக வைத்த ஓட்டை. அது வராவிட்டால் பெட்ரோல் இறங்காது, இன்ஜின் நின்றுபோகும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போகும், மறுபடி ஓடும். மேல்பக்கம் பார்த்தேன். அந்த ஓட்டையின் மேலேயே, வாரா வாரம் அழுத்தி அழுத்தி, காய்ந்து கல்லாகிக் கிடந்தது சந்தனம்.

அடப்பாவி! பாய் மூடியைக் கழற்றி மரியாதையாக ஜன்னலில் வைத்துவிட்டு ஓட்டினாரே, பின்னே ஏன் நிற்கும்?

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். தனியாக உட்கார்ந்து சிரிக்கிறவனைப் பார்த்து ஒரு கொக்கு எழுந்து அங்கிட்டுப் போனது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா சொன்னது அப்படியே நிஜமாகிவிட்டதே! அவள் கை பட்டதால்தான் நின்றது. இதை எப்படி வீட்டில் போய்ச் சொல்வேன்? காலமெல்லாம் இல்லை இல்லை என்று கத்திவிட்டு, இப்போது, ஆமாம், ஒன் கைதான் என்றா? சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஓட்டையைச் சுத்தம் செய்துவிடுவது, மூடியின் பக்கவாட்டில் மாப்பிள்ளையைவிட்டு இன்னொரு ஓட்டை போட்டுவிடுவது, அவள் பாட்டுக்குப் பொட்டு வைக்கட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம்.

மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "இந்தா புள்ள, ஒரு ஊக்கு குடு" என்றேன். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

"எதுக்கு?"

"கார்பரேட்டருக்கு."

கொல்லைக்குப் போய்க் குத்திக் குடைந்து சுத்தம் செய்தேன். திரும்ப ஓடிப்போய் மாட்டிக் கிளப்பினேன். தண்ணீர் வழிகிற கலுங்கு வரைக்கும் போனேன், மடை வரைக்கும் வந்தேன், கண்மாயை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். ஒரு இருமல் இல்லை. குதிகால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்து ஊக்கை அவள் கையில் கொடுத்தேன்.

"ஓடுது! கார்பரேட்டர்ல தூசி. எடுத்துட்டேன்."

அவள் ஊக்கை வாங்கினாள். தாலிக்கொடியில் மாட்டப் போனவள் நின்று அதன் நுனியைப் பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"தூசியா?"

"ஆமா, தூசிதான்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஊக்கை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். பொய் சொல்லிப் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் மாப்பிள்ளையும் கரையில் இருந்தோம். அவன் கையில் பேட்டரி டிரில் மிஷின் இருந்தது, மூடியில் ஓட்டை போடுவதற்கு. கரைமேல் அவள் வருவது தெரிந்தது. ஒரு கையில் சேலைக் கொசுவம், ஒரு கையில் சந்தனக் கிண்ணம். நான் டிரில்லைத் துண்டுக்கு அடியில் மறைத்தேன். நேராக இறங்கி வந்தாள். கரையில் நின்றபடியே இன்ஜின் பக்கம் எட்டி, மூடியை ஈரத்துணியால் துடைத்தாள். கெட்டியாகச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். அப்புறம் தாலிக்கொடியிலிருந்து அந்த ஊக்கைக் கழற்றி, பொட்டின் நடுவில் ஒரு குத்துக் குத்தி எடுத்தாள். குனிந்து ஓட்டை தெரிகிறதா என்று பார்த்தாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கார்பரேட்டர்ல சந்தன வாசம் வருமாக்கும்? ஊக்கத் தொடச்சுக் குடுக்கத் தெரியல, பொய் சொல்ல வந்துட்டீங்க. அன்னைக்கே போயி மூடியப் பாத்துட்டேன்."

"நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"வருத்தமா?" என்றாள். ஊக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டே தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "இத்தன வருசமா இந்தக் கையில என்ன தோசம், என்ன தோசம்னு தேடிக்கிட்டே இருந்தேங்க. யாருமே இன்னதுன்னு சொல்லல. மோட்டார் ஏன் எரிஞ்சுச்சு, மாடு ஏன் செத்துச்சு, எதுக்கும் காரணம் தெரியல. இதுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. சந்தனம் கொஞ்சம் கெட்டி. ஒரு குத்துக் குத்துனா சரியாப் போச்சு. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

"அதுவும், நெத்தி இதுன்னு தட்டிக் காட்டுனது நீங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்து இளித்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெயில் என்று சொல்ல நேரம் இல்லை. அவள் சேலையைச் செருகிக்கொண்டு காலைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கையை நீட்டினேன், என் கையைப் பிடிக்கவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கயிற்றை இழுத்தேன். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, கரையில் நின்ற தம்பியைப் பார்த்து அவள் கத்தினாள்.

"டேய், அங்கிட்டு என் செருப்புக் கெடக்கு. பாத்துக்க!"